டாப் சர்ஜரிக்கு அப்புறம் நெஞ்சுல தொட்டா தெரியுமா? திருநம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

டாப் சர்ஜரி, அதாவது மார்பை எடுத்து நெஞ்சைத் தட்டையாக்குற ஆபரேஷன், முடிஞ்சு ஏழாவது வாரம். தோள்பட்டை பிடிச்சிருக்குன்னு சொன்னேன், அம்மா ஹாட் வாட்டர் பேக் வெச்சு ஒத்தடம் குடுத்தாங்க, அது நழுவி நெஞ்சுப் பக்கம் வந்தது தெரியாம அப்படியே தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா தழும்புக்கு மேல ரெண்டு கொப்புளம். எரிச்சல் இல்ல, வலி இல்ல, கண்ணாடியில பாத்துதான் தெரிஞ்சுது. அம்மா அழுதாங்க, அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்கே அந்த இடம் எவ்ளோ மரத்துக் கிடக்குன்னு சரியாத் தெரியாது.

அதுக்கு முன்னாடி நான் டாக்டரை நாலு தடவை பாத்திருக்கேன். நாலு தடவையும் பேசினது எவ்ளோ தட்டையா வரும், தழும்பு எங்க விழும், எத்தன நாள்ல வேலைக்குப் போகலாம், இவ்ளோதான். தொட்டா தெரியுமா, எவ்ளோ தெரியும், எப்ப திரும்ப வரும்னு அவங்களும் சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. இப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு அப்ப யாராவது சொல்லியிருக்கணும்னு நெனச்சதை எல்லாம் வரிசையா எழுதுறேன், நீங்க டேட் வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சிருங்க.

1. எந்த முறையில எந்த நரம்பு போகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

நெஞ்சுத் தோலுக்கு உணர்வு குடுக்குறது விலா எலும்புக்கு நடுவுல ஓடுற நரம்புகள். காம்புக்கு 3, 4, 5வது நரம்போட கிளைகள் வருது, அதுல முக்கியமானது 4வது. அது அக்குள் பக்கத்துல இருந்து கிளம்பி மார்புச் சதைக்குள்ள புகுந்து காம்புக்கு வருது, அதனால சதையை எடுக்கும்போது அந்த வழியில இருக்கிறதும் அறுபடத்தான் செய்யும். காறை எலும்புக்கு கீழ இருக்கிற மேல் நெஞ்சுக்கு கழுத்துல இருந்து வேற நரம்பு வருது, அதனாலதான் பெரும்பாலும் மேல் பகுதியில உணர்வு அவ்ளோ போறதில்ல.

டபுள் இன்சிஷன்ல (ரெண்டு பக்கமும் மார்புக்குக் கீழ நீளமா வெட்டுறது), நம்மள்ல நிறைய பேருக்கு பண்றது இதுதான், காம்பை முழுசா வெட்டி எடுத்து, சின்னதாக்கி, புது இடத்துல தோல் ஒட்டு மாதிரி வெச்சு தைக்கிறாங்க. நாத்தைப் பிடுங்கி வேற வயல்ல நட்ட கணக்கு. முதல் ரெண்டு நாள் அடியில ஊறுற நீரை வெச்சுதான் அது உயிரோட இருக்கும், அப்புறம்தான் ரத்தக் குழாய் பிடிக்கும். நரம்பு பிடிக்கிறது அதுக்கும் ரொம்ப அப்புறம், அதுவும் பாதிதான். தொட்டா ஏதோ படுதுன்னு தெரியுற அளவு பலருக்குத் திரும்ப வருது. ஆனா பழைய கூச்சம், காம உணர்வு, இது பெரும்பாலும் வராதுன்னு நெனச்சுதான் முடிவெடுக்கணும்.

கீஹோல், பெரிஏரியோலார் முறைகள்ல (காம்பைச் சுத்தியுள்ள கருவட்டத்து ஓரத்துல வெட்டுறது) காம்பு உடம்போட ஒட்டியே இருக்கும், அதனால உணர்வு நிக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம். ஆனா மார்பு சின்னதா இருக்கணும், தோல் நல்லா இழுவையா இருக்கணும். வருஷக்கணக்கா டைட்டா பைண்டர் (மார்பை அமுக்கித் தட்டையா காட்டுற உள்ளாடை) கட்டினவங்களுக்கு தோல் தளர்ந்துபோய் இந்த முறை ஒத்துவராம போகலாம். நடுவுல இன்னொன்னு இருக்கு, பெடிக்கிள்னு சொல்வாங்க, காம்புக்கு அடியில கொஞ்சம் சதையை விட்டு நரம்பு ரத்தக்குழாயோடயே நகத்துறது. உணர்வு நிக்க வாய்ப்பு உண்டு, ஆனா அந்த சதை கொஞ்சம் மேடா தெரியும்.

அறுந்த நரம்பை எடுத்து புதுக் காம்புக்கு அடியில திரும்ப இணைக்கிற முறையும் வந்திருக்கு. பாஸ்டன்ல மாஸசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டருங்க 2022ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. நான் கேட்ட மூணு இடத்துலயும் இது பண்றதில்லன்னு சொல்லிட்டாங்க, ஆனாலும் கேளுங்க, கேக்குறவங்க கூடினாதான் இங்கயும் வரும்.

2. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. உள்ள போனா பதட்டத்துல பாதி மறந்துரும், வெளிய இருபது பேர் காத்துட்டு இருக்காங்கன்னு நாமளே சுருக்கமா முடிச்சுட்டு வந்துருவோம். நான் அப்படித்தான் வந்தேன்.

என் நெஞ்சுக்கு எந்த முறை, ஏன் அது? காம்பை முழுசா எடுப்பீங்களா, ஒட்டியே வெப்பீங்களா? நீங்க இதுவரைக்கும் பண்ணவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு வந்து உணர்வு எப்படி இருக்குன்னு சொன்னவங்க உண்டா, அவங்க என்ன சொன்னாங்க? பக்கவாட்டுல கொழுப்பை உறிஞ்சி எடுக்குற லைப்போசக்‌ஷன் பண்ணுவீங்களா? (அக்குள் கிட்ட போறதால மேல்கையோட உள்பக்கமும் கொஞ்ச நாள் மரத்துப் போகலாம், எனக்கு இடது கையில நாலு மாசம் இருந்துச்சு, அது வரும்னு தெரியாம ஸ்ட்ரோக்கோன்னு பயந்துட்டேன்.) காம்பு ஒட்டு பிடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? காம்பே வேண்டாம்னா தட்டையா மூடிருவீங்களா? இந்தக் கடைசி கேள்வியைக் கேக்க கூச்சப்படாதீங்க, காம்பு வேண்டாம்னு முடிவெடுத்து அப்புறம் டாட்டூ போட்டுக்கிறவங்க இருக்காங்க.

கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே உங்களுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கணும். இப்ப உங்க நெஞ்சுல இருக்கிற உணர்வு உங்களுக்கு வேணுமா? சிலருக்கு அங்க யாரும் தொடக்கூடாது, சட்டை உரசினாலே கூசும், மரத்துப் போனா நிம்மதின்னு இருக்கும். சிலருக்கு அது உறவுல முக்கியமான இடம். ரெண்டும் சரிதான். எனக்குத் தட்டையா இருக்கணும்ங்கிறதுதான் பெருசு, எல்லாம் தெரிஞ்சிருந்தாலும் நான் டபுள் இன்சிஷன்தான் எடுத்திருப்பேன். ஆனா தெரிஞ்சு எடுத்திருப்பேன், அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல. துணை இருந்தா அவங்களோடயும் முன்னாடியே பேசிருங்க.

கன்சென்ட் ஃபார்ம் இங்கிலீஷ்ல நாலு பக்கம் இருக்கும், உணர்வு போகலாம்ங்கிற வரி அதுல எங்கயாவது இருக்கும். அட்மிஷன் அன்னைக்கு காலைல ட்ரிப்ஸ் கையோட கையெழுத்து போடாதீங்க. ஒரு வாரம் முன்னாடியே காப்பி வாங்கி, தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேளுங்க.

3. பேப்பர், டெஸ்ட், எவ்ளோ நாள்

மனநல மருத்துவர்கிட்ட ஜென்டர் டிஸ்ஃபோரியா (பிறப்புல குறிச்ச பாலினமும் மனசு உணர்ற பாலினமும் ஒத்துப்போகாத வேதனை) சர்டிஃபிகேட். WPATHங்கிற உலக அளவிலான திருநர் மருத்துவ அமைப்போட, 2022ல வந்த எட்டாவது வழிகாட்டுதல் ஒரு லெட்டர் போதும்னு சொல்லுது, ஆனா இங்க சில ஆஸ்பத்திரி ரெண்டு கேக்குறாங்க. அதனால முதல்ல சர்ஜரி பண்ற இடத்துல எத்தன லெட்டர், யார்கிட்ட, லெட்டர்ஹெட்ல என்ன இருக்கணும்னு கேட்டுட்டு அப்புறம் போங்க. நான் தலைகீழா பண்ணினேன், முதல் லெட்டர்ல சர்ஜரி பேரு இல்லன்னு திருப்பி அனுப்பி மூணு வாரம் போச்சு.

ஆதார், ஸ்டாம்ப் பேப்பர்ல நோட்டரி அஃபிடவிட் (எல்லாரும் கேக்குறதில்ல), பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. 18 வயசு ஆயிருச்சுன்னா கையெழுத்து உங்களோடதுதான். அப்பா அம்மா வந்தே ஆகணும்னு சில இடத்துல சொல்லுவாங்க, சம்மதத்துக்கா அட்டெண்டராவான்னு தெளிவா கேளுங்க. அட்டெண்டர்னா நண்பர் போதும்.

திருநர் அடையாள அட்டை, நான் அப்ளை பண்ணப்போ தேசிய போர்ட்டல்ல ஆன்லைன்ல பண்ணி கலெக்டர் ஆபீஸ் வழியா வந்துச்சு. ரூல்ஸ் மாறிக்கிட்டே இருக்கும், உங்க மாவட்ட சமூகநல ஆபீஸ்ல இப்ப என்ன நடைமுறைன்னு ஒருதடவை கேட்டுக்கோங்க. சர்ஜரி முடிஞ்சதும் டிஸ்சார்ஜ் சம்மரி, சர்ஜரி நடந்ததுக்கான சர்டிஃபிகேட் ரெண்டையும் சீல் கையெழுத்தோட வாங்கிட்டுத்தான் ரூமை காலி பண்ணணும், பின்னாடி அட்டையில பாலினம் மாத்த அது வேணும். டிஸ்சார்ஜ் சம்மரியில எந்த முறை, காம்பு எப்படி வெச்சாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, நரம்பு டாக்டர்கிட்ட போக நேர்ந்தா முதல்ல கேக்குறது அதைத்தான்.

டெஸ்ட்: ரத்த அணுக்கள், ரத்தம் உறையுற நேரம், சுகர், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, மார்பு ஸ்கேன். டெஸ்டோஸ்டிரோன் எடுக்குறவங்களுக்கு ரத்தம் கெட்டியாகலாம், அந்த ரிப்போர்ட்டை மயக்க டாக்டர்கிட்ட காட்டுங்க. கூடவே பி12 பாத்துருங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

சிகரெட், பீடி, ஹான்ஸ், கூல் லிப், எதுவா இருந்தாலும் குறைஞ்சது 4 வாரம் முன்னாடி, 4 வாரம் பின்னாடி நிறுத்தணும். நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாயை சுருக்கிரும், நட்ட நாத்துக்குத் தண்ணி போகாது. டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

4. செலவு

பிரைவேட்ல நான் கேட்ட மூணு இடத்துல 1,40,000, 1,75,000, 2,30,000னு சொன்னாங்க, நடுவுல இருந்ததை எடுத்தேன். பேக்கேஜ்னு சொன்னா என்னென்ன அடங்கும்னு எழுதி வாங்குங்க. எனக்கு வெளிய நின்னது: கம்ப்ரெஷன் வெஸ்ட், அதாவது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற பனியன், ரெண்டு (ஒண்ணு துவைக்க, ஒண்ணு போட), எடுத்த சதையை பயாப்ஸிக்கு (புற்று ஏதும் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) அனுப்புன காசு, டிரெஸ்ஸிங்குக்கு நாலு தடவை போன ஃபீஸ், சிலிக்கான் ஜெல், ஆஸ்பத்திரி பக்கத்துல பத்து நாள் ரூம். எல்லாம் சேத்து 31,000 கிட்ட வந்துச்சு. பின்னாடி டச்-அப் (குறையைச் சரிபண்ற சின்ன ஆபரேஷன்) பண்ணணும்னா தியேட்டர் சார்ஜ் யார் தலையில விழும்னு இப்பவே கேளுங்க. பயாப்ஸியை மட்டும் காசு மிச்சம் பண்றேன்னு விட்டுராதீங்க.

அரசு ஆஸ்பத்திரியில இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலயும் திருநர்களுக்குன்னே தனி கிளினிக் இருக்கு, எந்தக் கிழமை ஓபின்னு விசாரிச்சுட்டுப் போங்க. காத்திருக்கிற நாள் கூடுதலா இருக்கலாம், ஆனா மனநலம், ஹார்மோன், பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாம் ஒரே வளாகத்துல முடியும்.

5. சர்ஜரிக்கு முன்னாடியே ஒரு வரைபடம் போட்டு வெச்சுக்கோங்க

இதை நான் பண்ணல, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வெக்கலன்னா பின்னாடி எவ்ளோ திரும்ப வந்துச்சுன்னு சொல்லவே முடியாது, மனசு ஒருநாள் எல்லாம் போச்சுன்னும் ஒருநாள் எல்லாம் வந்துருச்சுன்னும் சொல்லும்.

நோட்டுல நெஞ்சு படம் வரைஞ்சு, ஒவ்வொரு பக்கமும் ஆறு கட்டம் போடுங்க: காறை எலும்புக்கு கீழ, நடு எலும்பு ஓரம், காம்புக்கு மேல, காம்பு, காம்புக்கு கீழ, அக்குள் பக்கம். கண்ணை மூடிக்கோங்க, நம்பிக்கையான ஒருத்தர் பஞ்சு, பல்குச்சியோட மழுங்கின முனை, ஃப்ரிட்ஜ்ல வெச்ச ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணியில முக்கின ஸ்பூன், இந்த நாலையும் மாத்தி மாத்தி வெக்கணும். என்னன்னு சரியாச் சொன்னா 2, ஏதோ படுதுன்னா 1, தெரியலன்னா 0. சர்ஜரி முடிஞ்சு புண் ஆறினதும், 3ம் மாசம், 6, 9, 12, 18, 24ம் மாசம் அதே மாதிரி. யாரும் தொடுறது பிடிக்கலன்னா நீங்களே பண்ணலாம், என்ன, கை எங்க போகுதுன்னு மனசுக்குத் தெரியும், அதனால கொஞ்சம் கூடுதலாவே மார்க் விழும்.

துல்லியமா வேணும்னா நரம்பு டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ வேற வேற தடிமன்ல நைலான் இழை செட் இருக்கும். சுகர்காரங்களுக்குப் பாதத்துல குத்திப் பாப்பாங்களே, அதேதான்.

6. முதல் ரெண்டு வாரம்: வலியை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இதை வெச்சுக்கோங்க. மரத்துப் போன இடத்துல வலி இல்லங்கிறதுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. உள்ள ரத்தம் கட்டினாலும், வெஸ்ட் மடிப்பு அழுத்தி தோல் புண்ணானாலும் உங்களுக்கு உறைக்காம போகலாம்.

காலைலயும் ராத்திரியும் வெஸ்ட் வெளிய தெரியுற இடம், ஓரங்கள், ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு கண்ணாடியில பாருங்க, தினமும் ஒரே வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க. ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கினா, கல்லு மாதிரி இறுகினா, ஊதா நிறம் பரவினா, ட்ரெயின்ல (உள்ள சேர்ற ரத்தத்தையும் நீரையும் வெளிய எடுக்க வெச்ச குழாய்) திடீர்னு செக்கச் செவேல்னு நிறைய வந்தா உடனே கிளம்பிருங்க, முதல் ரெண்டு நாள்ல இந்த ஆபத்து அதிகம். ராத்திரி ரெண்டு மணியானாலும் கூப்பிட ஒரு நம்பர் டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க.

ட்ரெயின்ல வர்ற அளவை ரெண்டு பக்கமும் தனித்தனியா எழுதுங்க. 24 மணி நேரத்துல சுமார் 30 மில்லிக்குக் கீழ வந்தா எடுப்பாங்க, எனக்கு இடது 6ம் நாள், வலது 9ம் நாள். காம்பு மேல கட்டின பஞ்சுக் கட்டு ஒரு வாரம் கிட்ட இருக்கும். பிரிக்கும்போது கருப்பா, பொருக்கு தட்டி இருக்கும், பாத்தா உயிரே போயிரும், மேல் தோல் உரிஞ்சு அடியில ரோஸ் நிறம் வர்றது வழக்கம்தான். நாத்தம், சீழ், காய்ச்சல் இருந்தா மட்டும் உடனே போங்க.

7. மூணாவது வாரத்துல இருந்து: வீட்டுல இருக்கிற ஆபத்து

உணர்வு இல்லாத தோலுக்குக் காவல் நீங்கதான். எங்க வீட்டையும் தெரிஞ்ச தம்பிங்க வீட்டையும் வெச்சு சொல்றேன்.

ஹீட்டர் ராட் போட்ட வாளித் தண்ணியை மொண்டு நேரா நெஞ்சுல ஊத்தாதீங்க, முழங்கையை விட்டுப் பாத்துட்டு முதுகுல ஊத்துங்க. ஹாட் வாட்டர் பேக், ஐஸ் பேக் ரெண்டும் நெஞ்சுக்குக் கிடையவே கிடையாது, தோள்ல வெச்சாலும் உக்காந்துதான் வெக்கணும், படுத்துக்கிட்டு வேண்டாம். சட்டை இல்லாம தாளிக்காதீங்க, எண்ணெய் தெறிச்சா தெரியாது. மஞ்சள் பத்து, அமிர்தாஞ்சன், ஐயோடெக்ஸ், எந்தத் தைலமும் தழும்புகிட்ட வேண்டாம். பாசத்துலதான் குடுப்பாங்க, டாக்டர் திட்டினாருன்னு சொல்லித் தப்பிச்சுக்கோங்க.

வெஸ்ட் 4 முதல் 6 வாரம் சொல்லுவாங்க. நம்ம ஊரு வெயில்ல உள்ள வேர்க்குரு வரும், அரிக்காது, அதனால புண்ணாகுற வரை தெரியாது. உள்ள மெல்லிசா பனியன், நனைஞ்சா மாத்துங்க. பைக்ல பேக்பேக் வார், கார் சீட் பெல்ட், ரெண்டும் தழும்பு மேல உரசும், சின்னத் துணி மடிச்சு வெச்சுக்கோங்க. சட்டை கழட்டி வெயில்ல நிக்க ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, எத்தன வருஷ ஆசை அது, ஆனா முதல் வருஷம் தழும்புல வெயில் பட்டா கருத்துரும், தோல் கருகுறதும் உறைக்காது. சன்ஸ்கிரீன் இல்லன்னா துண்டு.

8. நரம்பு முழிக்கும்போது

எனக்கு ரெண்டாவது மாசம் ஆரம்பிச்சுது. பஸ்ல உக்காந்திருக்கேன், சுருக்குனு ஷாக் அடிச்ச மாதிரி, ஒரு செகண்ட்தான். அப்புறம் எறும்பு ஊர்ற மாதிரி, சொறிஞ்சா அங்க இல்ல, எங்கயோ உள்ள. இல்லாத காம்பு பழைய இடத்துல அரிக்கும். இது நரம்பு வளர்றதோட அறிகுறியா இருக்கலாம், பயப்படாதீங்க. நரம்பு ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், பத்து சென்டிமீட்டர் போக நூறு நாள், தழும்பைத் தாண்டணும்னா இன்னும் கூட.

எனக்கு ஓரத்துல இருந்து நடுவுக்கு வந்துச்சு. அக்குள் பக்கம் 4 மாசம், நடு எலும்பு ஓரம் 5, காம்புக்கு மேல 9. காம்புல அழுத்தினா தெரியுறது ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான், ஜில்லுனா இன்னும் சரியா தெரியல. தழும்புக்கு மேல ரெண்டு விரல் அகலம் இன்னைக்கும் 1தான்.

சிலருக்கு நேர் எதிரா, பனியன் பட்டாலே எரியும். புண் முழுசா மூடினதும், டாக்டர் சரின்னதும், தினம் ரெண்டு தடவை அஞ்சு நிமிஷம்: முதல்ல பட்டுத்துணி, பழகினதும் பருத்தி வேட்டி, அப்புறம் துவாலை. கண்ணால பாத்துக்கிட்டே தேய்க்கணும், மூளை அந்த இடத்தைத் திரும்பக் கத்துக்கணும். தேங்காயெண்ணெய் தொட்டு தழும்பு மசாஜும் இதே நேரத்துல பண்ணலாம்.

மெடிக்கல்ல போய் நரம்பு மாத்திரை, நரம்பு ஊசின்னு கேட்டு வாங்காதீங்க. அதுல இருக்கிறது பெரும்பாலும் பி12, குறைவா இருந்தா பிரயோஜனம், அதுக்குத்தான் முன்னாடியே டெஸ்ட் பாக்கச் சொன்னேன். சரியா இருந்தா, அறுந்த நரம்பை அது ஒட்ட வெக்காது. ஒரு தம்பி எட்டு மாசம் மாசம் 900 ரூபா செலவு பண்ணான்.

9. எப்ப டாக்டர்கிட்ட போகணும்

மூணு மாசம் தாண்டியும் எரிச்சல், குத்தல் தூக்கத்தைக் கெடுத்தா, இல்ல ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தொட்டா கரண்ட் பாயுற மாதிரி இருந்தா போங்க. அறுந்த நரம்பு முனை முடிச்சு மாதிரி ஆயிருக்கலாம். அதுக்கு நரம்பு வலி மருந்து, ஊசி, தேவைப்பட்டா சின்ன ஆபரேஷன் எல்லாம் இருக்கு. போறப்போ வரைபட நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துட்டுப் போங்க. சர்ஜரி பண்ண டாக்டர் இதெல்லாம் சகஜம்னு அனுப்பிட்டா நரம்பியல் இல்ல வலி சிகிச்சை ஓபிக்குப் போங்க.

தழும்பு அசிங்கமா இருக்கு, ஓரத்துல சதை நிக்குதுன்னு டச்-அப் பண்ண நெனச்சா 12 மாசமாவது பொறுங்க. அந்த நேரத்துல நரம்பும் வளந்துட்டு இருக்கு, அவசரப்பட்டு வெட்டினா அதுவும் போகும். 18, 24 மாசத்துக்கு மேல பெரிய மாற்றத்தை எதிர்பாக்காதீங்க, அந்த நோட்டுல என்ன இருக்கோ கிட்டத்தட்ட அதுதான் உங்க நெஞ்சு.

10. வருஷத்துக்கு ஒருதடவை

சர்ஜரியில மார்புத் திசு முழுசா போறதில்ல, கொஞ்சம் மிஞ்சும். அக்கா, அம்மா, பாட்டி யாருக்காவது மார்புப் புற்று இருந்தா சர்ஜரிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க எடுக்குற முறையும் அப்புறம் பாக்க வேண்டிய டெஸ்ட்டும் அதை வெச்சு மாறும். மத்தவங்களும் குளிக்கும்போது சோப்புக் கையோட தழும்பு மேல, கீழ, அக்குள் உள்ள தடவிப் பாருங்க. நெஞ்சுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். புதுசா கட்டி தட்டுப்பட்டா, காம்பு கிட்ட ரத்தமோ நீரோ கசிஞ்சா ஸ்கேனுக்குப் போங்க. ரிசப்ஷன்ல கூட்டத்துக்கு நடுவுல ஆம்பளைக்கு எதுக்கு மார்பு ஸ்கேன்னு கேப்பாங்க, டாக்டர் சீட்டுலயே நெஞ்சுச்சுவர் அல்ட்ராசவுண்டுன்னு எழுதி வாங்கிட்டா அந்தக் கேள்வி வராது.